குழலும் கட்டையும் எங்கே தொட வேண்டும்?

வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய துப்பாக்கியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு கருத்துகளைத் திரும்பத் திரும்பக் கேட்கலாம். கட்டை என்பது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, அவ்வளவுதான் என்பது ஒன்று. குழலைக் கட்டைக்குள் எவ்வளவு இறுக்கமாகப் பதிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது இன்னொன்று.

முதல் கருத்து அரைகுறை. இரண்டாவது முழுக்கத் தவறு. அதை நம்பித்தான் பலர் நல்ல கட்டையைப் பிளக்க விட்டிருக்கிறார்கள். குழலும் கட்டையும் சில இடங்களில் நிறைந்து தொட வேண்டும், சில இடங்களில் தொடவே கூடாது. எங்கே தொட வேண்டும், எங்கே விட வேண்டும், ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். இது செய்முறைக் கையேடு கிடையாது. ஒரு அரிய தச்சு நுட்பத்தைப் புரிந்துகொள்வதற்கான கட்டுரை.

எந்தத் துப்பாக்கி?

ஈழத்தில் 'இடியன் துவக்கு' என்பார்கள். மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகப் போட்டு, நீளக் குச்சியால் இடித்துக் கெட்டிப்பதால் அந்தப் பெயர். உலகம் முழுக்க இந்த வகைத் துப்பாக்கிகள் இருந்தன. குழலைக் கட்டையில் பதிக்கும் கலை உச்சம் தொட்ட இடம் என்று நான் நினைப்பது 18-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா. ஜெர்மன் மொழி பேசும் ஊர்களிலிருந்து குடியேறிய கைவினைஞர்கள் லங்காஸ்டர் நகரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் மையமாக வைத்துச் செய்த நீள ரைஃபிளைத்தான் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

ரைஃபிள் என்றால் குழலின் உட்சுவரில் திருகுபோலச் சுழன்று செல்லும் காடிகள், அதாவது நீளப் பள்ளங்கள், வெட்டிய துப்பாக்கி. அவற்றால் குண்டு சுழன்றுகொண்டே வெளியேறும், அதனால் நேராகப் போகும். இந்த நீள ரைஃபிளின் குழல் பெரும்பாலும் எட்டுப் பட்டை கொண்டது. 42 அங்குல நீளம் சாதாரணம். அதாவது ஏறக்குறைய 107 சென்டிமீட்டர். வாய் வரைக்கும் அதன் அடியைத் தாங்கி ஒரே மரக்கட்டை ஓடும். மரம் மேப்பிள். அலையலையாக ரேகை ஓடும் மேப்பிள் கட்டைக்குத்தான் மதிப்பு அதிகம்.

இந்தக் கட்டையின் முன்பாதியைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் பயம்தான் வரும். குழலின் இரு பக்கமும் நிற்கும் மரச்சுவர் 3 மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். அடியில் கெட்டிக்கும் குச்சி செருகுவதற்கு ஒரு துளை. அந்தத் துளைக்கும் குழல் படுக்கும் காடிக்கும் நடுவே இன்னொரு 3 மில்லிமீட்டர் மரம். குழல் இல்லாத நேரத்தில் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் முருங்கைக் கிளைபோல ஒடிந்துவிடுமோ என்று தோன்றும். குழல் உள்ளே படுத்த பிறகுதான் அதற்குத் தெம்பு வருகிறது. கட்டை குழலைத் தாங்குகிறது என்று சொல்வதைவிட, முன்பாதியில் குழல்தான் கட்டையைத் தாங்குகிறது என்று சொல்வது பொருத்தம்.

மழைக்காலக் கதவும் சுத்தியல் காம்பும்

ஐப்பசி மழையில் வீட்டுக் கதவு நிலையில் சிக்கிக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பங்குனியில் அதே கதவு சுலபமாகச் சாத்தும். சுத்தியல் தலை ஆடினால் நம் வீட்டுப் பெரியவர்கள் அதைத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். காம்பு ஊதி இறுகும். காய்ந்ததும் மறுபடி ஆடும்.

கதவு அகலத்தில் ஊதிச் சிக்குகிறது, உயரத்தில் வளர்வதில்லை. சுத்தியல் காம்பு தடிக்கிறது, நீள்வதில்லை. மரம் என்பது நீளவாக்கில் அடுக்கிய நார்க்கட்டு. ஈரம் ஏறினால் நார்கள் ஒன்றையொன்று விலக்கித் தடிக்கும். நீளம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சர்க்கரை மேப்பிள் மரத்தைப் பச்சையிலிருந்து முழுக்க உலர்த்தினால், ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் சுமார் 10 சதவீதமும் வளையத்துக்குக் குறுக்கே சுமார் 5 சதவீதமும் சுருங்கும். நீளத்தில் சுருங்குவது 0.1 முதல் 0.2 சதவீதம்தான்.

உலர்ந்த கட்டையும் சும்மா இருப்பதில்லை. மழைக்கும் கோடைக்கும் நடுவே அதன் ஈரம் சில சதவீதம் ஏறி இறங்கும். 4 சென்டிமீட்டர் அகலமுள்ள கட்டையில் அது அரை மில்லிமீட்டர் வரை வரும் மாற்றம். 3 மில்லிமீட்டர் சுவர் இருக்கும் இடத்தில் அரை மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

இரும்பின் குணம் வேறு. ஈரம் அதைத் தடிக்க வைக்காது, சூடு நீட்டும். 107 சென்டிமீட்டர் இரும்புக் குழல் 50 டிகிரி செல்சியஸ் சூடேறினால் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் நீளும். பக்கத்தில் இருக்கும் மரம் அந்த அளவுக்கு நீளாது. தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

சுருக்கமாக: மரம் அகலத்தில் அசைகிறது, இரும்பு நீளத்தில் அசைகிறது. இரண்டையும் எல்லாப் பக்கமும் இறுக்கிக் கட்டிப்போட்டால் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுப்பது எப்போதும் மரம்தான்.

உதை எங்கே போகிறது?

இந்த விஷயத்தின் நடுமையம் இதுதான். மற்றதையெல்லாம் மறந்தாலும் இது ஒன்று புரிந்தால் போதும்.

குழலின் பின்முனை திறந்திருந்தால் துப்பாக்கி வேலை செய்யாது. அதை ஒரு இரும்புத் திருகால் மூடியிருப்பார்கள். அதற்கு அடைப்பான் என்று பெயர் வைத்துக்கொள்வோம். அந்த அடைப்பானிலிருந்து பின்பக்கமாக ஒரு பட்டை நாக்குப்போல நீண்டு, கட்டையின் மேல்புறத்தில் பதிந்திருக்கும். அதை வால் என்று சொல்லலாம். வாலில் உள்ள துளை வழியாக ஒரு திருகாணி இறங்கிக் கட்டையைக் கடந்து அடியில் உள்ள இரும்புத் தகட்டைப் பிடிக்கும்.

இப்போது மருந்து வெடிக்கிறது. புகை குண்டை முன்னே தள்ளுகிறது, அதே வலுவோடு அடைப்பானைப் பின்னே தள்ளுகிறது. பின்னுதைப்பு என்பது இதுதான். அரை அங்குல உள்விட்டமுள்ள குழலின் ஈயக் குண்டு 11 கிராமுக்குச் சற்று மேல். 4 கிலோ எடையுள்ள ரைஃபிள் பின்னால் வரும் வேகம் நொடிக்குச் சுமார் 2 மீட்டர். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் அந்த வேகத்தை அது எட்டுவது ஒரு நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள். ஆகவே மரத்தின்மேல் விழுவது சம்மட்டி அடிபோன்ற ஒரு அடி.

அந்த அடி எங்கே இறங்க வேண்டும்? குழலின் பின்முனை ஒரு தட்டையான முகம், எட்டுப் பட்டை வடிவத்தில் இருக்கும். அந்த முகத்துக்கு எதிரே கட்டையில் ஒரு நேரான மரச்சுவர் நிற்கும். முகம் முழுக்க அந்தச் சுவரில் படிந்திருந்தால், அடி அகலமான பரப்பில் பரவி, நார்களின் நீளவாக்கில் கட்டைக்குள் ஓடித் தோளுக்குப் போய்விடும். நீளவாக்கில் விழும் அமுக்கத்தை மரம் அருமையாகத் தாங்கும். வீட்டுத் தூண் கூரையைத் தாங்குவது அப்படித்தான்.

சரி, முகத்துக்கும் சுவருக்கும் நடுவே கால் மில்லிமீட்டர் இடைவெளி இருந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. குழல் பின்னால் நகரும்போது இப்போது முதலில் தடுப்பது வாலின் கடைசி முனை. சில மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புப் பட்டையின் நுனி அது. விறகு பிளக்கும்போது எதை அடிக்கிறோம்? இதே மாதிரி ஒரு ஒல்லியான இரும்பை, இதே மாதிரி நாரோட்டத்தின் திசையில். வால் ஆப்பாகிவிடும். ஒவ்வொரு வெடிக்கும் அது மரத்தைக் கொஞ்சம் பிளக்கும். அதற்குச் சரியாகப் பின்னால்தான் கட்டையின் ஆக ஒல்லியான இடமான கழுத்து இருக்கிறது.

அதனால் தேர்ந்த கைவினைஞர் வாலின் பின்நுனியில் வேண்டுமென்றே ஒரு மயிரிழை இடைவெளி விடுவார். ஒரு காகிதம் நுழையும் அளவு போதும். புதிதாகப் பழகுகிறவர் அதைப் பார்த்து 'சரியாகச் செதுக்கவில்லையே' என்று நினைப்பார். வாலின் நுனியைச் சுற்றி இடுக்கே தெரியாமல் இறுகப் பதிந்திருக்கும் வேலையைப் பார்த்து மெச்சுவார். அந்த மெச்சுதல்தான் எனக்குக் கவலை தருகிறது. அழகு என்று அவர் நினைப்பது கழுத்துக்கு வைத்த ஆப்பு.

இன்னொரு பிழையும் நடக்கும். பின்முகம் படியவில்லை, வாலும் தொடவில்லை என்றால் அடி முழுவதும் வால் திருகாணிமீது இறங்கும். திருகாணி பக்கவாட்டில் தள்ளித் தள்ளித் தன் துளையை நீள்வட்டமாக்கிவிடும்.

சுருக்கமாக: அடியை வாங்க வேண்டியது குழலின் பின்முகம் மட்டும். அது மரச்சுவரில் நிறைந்து தொட வேண்டும். வாலின் நுனி தொடக் கூடாது. திருகாணி பிடித்து வைக்கத்தான், உதை வாங்க இல்லை.

விளக்குக் கரி சொல்லும் உண்மை

நிறைந்து தொடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மரத்துக்குள் படுத்திருக்கும் இரும்பின் அடியை யாராலும் பார்க்க முடியாதே.

பல் டாக்டரிடம் புதிதாகப் பல் அடைத்தவர்களுக்கு இதன் பதில் தெரிந்திருக்கும். ஒரு நீலத் தாளை வாயில் வைத்துக் கடிக்கச் சொல்வார். உயரமாக இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டு மறுபடி கடிக்கச் சொல்வார். நீலம் பரவலாக ஒட்டும்வரை இது நடக்கும்.

துப்பாக்கித் தச்சர் செய்வதும் இதேதான். எண்ணெய் விளக்கின் சுடரில் குழலின் அடிப்பக்கத்தைக் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். காடிக்கு நேர் மேலே வைத்து, சாய்க்காமல் இறக்கி, மரச் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு. பிறகு நேராக மேலே தூக்குவார். காடியில் அங்கங்கே கரும்புள்ளிகள். அவைதான் மேடு. கூர்மையான உளியாலோ சுரண்டியாலோ அந்தப் புள்ளிகளை மட்டும் எடுப்பார். சீவல் என்று சொல்லும்படி எதுவும் விழாது. வெங்காயத் தோலைவிட மெல்லிய துகள். மறுபடி கரி, மறுபடி தட்டு, மறுபடி சுரண்டல். முதல் சில சுற்றுகளில் மூன்று புள்ளிகள் மட்டும் இருக்கும். பிறகு பத்து. பிறகு நீள நீளக் கோடுகள். கடைசியில் அடித்தளம் முழுக்க ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும்போது குழல் 'உட்கார்ந்துவிட்டது' என்று பொருள்.

கரியை அதிகமாகப் பூசினால் தொடாத இடத்திலும் அது ஒட்டிப் பொய் சொல்லும். அதனால்தான் புகைக் கரியை விரும்பினார்கள். அது மெல்லிய படலமாகப் படியும். குழலை இறக்கும்போது கொஞ்சம் சாய்ந்தாலும் சுவரோரம் தேவையில்லாத கறை விழும். அதை மேடு என்று நம்பிச் செதுக்கினால் மேல்விளிம்பில் இடுக்கு தெரியும். மேல்விளிம்பில் தெரியும் இடுக்கை எதைச் செய்தும் மறைக்க முடியாது.

எட்டுப் பட்டைக் குழலின் கீழ்ப்பட்டை, அதன் இருபுறமும் உள்ள சாய்ந்த பட்டைகள், நேராக நிற்கும் பக்கப் பட்டைகளின் பாதி உயரம், இவ்வளவுதான் மரத்துக்குள் இருக்கும். மேல்பாதி வெளியே தெரியும்.

இதில் பென்சில்வேனியாக்காரர்கள் தங்களுக்கே ஒரு சிக்கலைக் கூட்டிக்கொண்டார்கள். எடை குறையவும், தூக்கிப் பிடித்தால் கை சோராமல் இருக்கவும், குழலைப் பின்பக்கம் தடித்து, நடுவில் இடைசிறுத்து, வாயருகே மறுபடி கொஞ்சம் விரிந்ததாகச் செய்தார்கள். உடுக்கையின் இடைபோல என்று சொல்லலாம், ஆனால் வளைவு மிக மெல்லியது. இந்தக் குழலைக் காடியில் முன்பின்னாக நகர்த்தவே முடியாது. பின்னால் தள்ளினால் வாயருகே இடுக்கு விழும். நேர் மேலிருந்து இறக்கி, ஒரே இடத்தில் உட்கார வைத்தாக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு உண்மையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து அசல் ரைஃபிள்கள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் காடியின் அடி கரடுமுரடாக, வளைந்த உளியால் அவசரமாகக் குடைந்தபடி இருக்கிறது. மேல்விளிம்பு மட்டும் கனகச்சிதம். பின்முகம் சரியாகப் படிந்து, குழல் வளையாமல் படுத்திருந்தால், நடுவில் சில இடங்கள் தொடாமல் இருப்பதால் நஷ்டமில்லை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்று பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள்தான் 107 சென்டிமீட்டரும் கண்ணாடிபோல இருக்க வேண்டும் என்று உயிரை விடுகிறார்கள். நேரம் இருந்தால் செய்யலாம், தவறில்லை.

காடி வளைந்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. நீளமான குழல் வளையாது என்று நினைக்கிறோம், ஆனால் வளையும். கோணலான காடியில் வலுக்கட்டாயமாக அழுத்திப் பிடித்தால் குழல் வில்போல நின்றுகொண்டிருக்கும். ஈரம் மாறும்போதெல்லாம் மரம் அதை வேறு வேறு அளவில் இழுக்கும். ஒரே ரைஃபிள், ஒரே கை, ஆனால் மழைக்காலத்தில் ஒரு இடத்திலும் கோடையில் இன்னொரு இடத்திலும் குண்டு படும்.

குழலைப் பிடித்திருக்கும் ஆணிகள்

பின்முனையைத் திருகாணி பிடித்துக்கொண்டது. முன்னால் நீண்டிருக்கும் ஒரு மீட்டர் குழல் கட்டையிலிருந்து கிளம்பாமல் இருக்க வேண்டுமே?

குழலின் கீழ்ப்பட்டையில் புறாவால் வடிவத்தில் சிறு காடி வெட்டி, அதில் ஒரு இரும்புக் காதைச் செருகியிருப்பார்கள். இப்படி மூன்று நான்கு இடங்களில். கட்டையின் பக்கவாட்டிலிருந்து நுழையும் மெல்லிய ஆணி ஒவ்வொரு காதின் துளை வழியாகவும் போய் மறுபக்கம் வரும். ஆணியின் தடிமன் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கும், இரண்டு முனையும் மரத்தோடு மட்டமாக நிற்கும். தெரியாதவர்கள் பார்த்தால் இதுவா இவ்வளவு பெரிய குழலைப் பிடித்திருக்கிறது என்று கேட்பார்கள்.

இந்த ஆணிகளின் வேலை குழல் மேலே எழாமல் தடுப்பது மட்டும். பின்னுதைப்பில் அவற்றுக்குப் பங்கே இருக்கக் கூடாது. அதனால் காதில் உள்ள துளை வட்டமாக இருக்காது. குழலின் நீளவாக்கில் நீண்ட துளையாக இருக்கும். குழல் சூடேறி அரை மில்லிமீட்டர் நீண்டாலும், கட்டை பருவத்துக்கேற்பக் கொஞ்சம் அசைந்தாலும், ஆணி அந்த நீண்ட துளைக்குள் நகர்ந்துகொள்ளும். துளையை வட்டமாக விட்டுவிட்டால்? குழலுக்கும் மரத்துக்கும் நடக்கும் இழுபறி முழுவதும் ஆணி நிற்கும் அந்த 3 மில்லிமீட்டர் சுவரில்தான் நடக்கும். ஆணித் துளையிலிருந்து மரம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

எல்லோரும் ஆணியையே நம்பவில்லை. பிரிட்டிஷ் படையின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கி ஆணி வைத்தது. பாளையக்காரர்களுக்கு எதிராகக் கம்பெனிப் படை நம் மண்ணுக்குத் தூக்கி வந்ததும் அந்தக் குடும்பத் துப்பாக்கிகள்தான். பிரெஞ்சுப் படை 1728-ஆம் ஆண்டு மாடலில் ஆணிக்குப் பதிலாகக் குழலையும் கட்டையையும் சேர்த்து அணைக்கும் இரும்பு வளையங்களுக்கு மாறியது. போர்க்களத்தில் கழற்றி மாட்ட அது வசதி. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து ஹாக்கன் சகோதரர்கள் மலைவேட்டைக்காரர்களுக்குச் செய்த ரைஃபிளில் கட்டை பாதி நீளம்தான். ஆணிக்குப் பதில் தட்டையான ஆப்பு. குழலின் பின்முனை ஒரு கொக்கியில் மாட்டியிருக்கும். ஆப்பைத் தட்டி எடுத்துவிட்டுக் குழலைத் தூக்கினால் கையோடு வந்துவிடும், கழுவித் துடைக்க எளிது.

வடிவம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்: பின்னே அகலமான முகம் உதை வாங்கும், முன்னே உள்ள பிடிப்பு மேலே எழாமல் மட்டும் தடுக்கும்.

ஏன் குழல்தான் முதலில்?

கட்டையில் பதிக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. தீப்பொறி தரும் பொறி, விசை, அடித்தகடு, பின்தகடு. ஆனாலும் குழலை உட்கார வைக்காமல் வேறு எதையும் தொட மாட்டார்கள். குழலின் பக்கத்தில், அடைப்பானுக்குச் சற்று முன்னால் ஒரு சிறு துளை உண்டு. வெளியே எரியும் மருந்தின் தீ உள்ளே போகும் தீத்துளை அது. பொறியின் சிறு கிண்ணம் அந்தத் துளைக்கு நேராக வந்து நிற்க வேண்டும். விசையின் இடம் பொறியைப் பொறுத்தது. அப்படி ஒன்றன்மேல் ஒன்றாக எல்லாமே குழலின் பின்முகம் எங்கே நிற்கிறது என்பதிலிருந்துதான் அளக்கப்படும். பின்முகம் பிறகு 1 மில்லிமீட்டர் பின்னால் போனால் தீத்துளை கிண்ணத்துக்கு நேராக நிற்காமல் விலகிவிடும்.

பசை ஊற்றினால் போதாதா?

இப்போதெல்லாம் எப்பாக்ஸி பிசினைக் காடியில் ஊற்றி, ஒட்டாமல் இருக்க மெழுகு பூசிய குழலை அதில் அழுத்தி, இறுகியதும் தூக்கிவிடுகிறார்கள். பின்முகத்துக்கு எதிரே உள்ள சுவரில் இடைவெளி விழுந்துவிட்ட பழைய கட்டையைக் காப்பாற்ற இது நல்ல வழி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வாலின் நுனியிலும் பிசின் போய் நிறைந்துவிட்டால், ஆப்பாகிவிட்ட வால் மரத்துக்குப் பதில் பிசினைத் தள்ளும், பிசின் மரத்தைப் பிளக்கும். அந்த இடத்தை மட்டும் பிறகு சுரண்டி எடுத்தாக வேண்டும். பலரும் மறப்பது அதைத்தான்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் பழைய துப்பாக்கிகள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. அடுத்த முறை போனால் செதுக்கலையும் பித்தளையையும் பார்த்த பிறகு, குழல் முடிந்து வால் தொடங்கும் இடத்துக்குக் குனிந்து பாருங்கள். வாலின் நுனியிலிருந்து கழுத்தை நோக்கி மரத்தில் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறதா என்று தேடுங்கள். ஓடினால், குழலின் உதை அந்த நுனிவழியாகவும் மரத்தில் இறங்கியிருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியும்.